சூட்டுக்கை

கண்ணாடி டம்ளரின் விளிம்பு உடைந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த கம்ப்ரசர்காரன்தான், "அண்ணே, விரலப் பாருங்க" என்றான். பார்த்தான். ஆள்காட்டி விரல் கிழிந்து ரத்தம் டீயோடு சேர்ந்து முழங்கை வரை வழிந்திருந்தது. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தான். மிச்ச டீ வீணாகப் போகிறதே என்றுதான் முதலில் தோன்றியது.

பத்தொன்பது வருஷமாக அவனுக்குத் தரையை உடைக்கிற வேலை. தார் ரோடு, சிமெண்ட் தளம், பழைய கட்டடத்து அஸ்திவாரம், எதுவானாலும் பிரேக்கர் மிஷினை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மிஷின் தரையைக் குத்தும். தரை அதைத் திருப்பிக் கொடுக்கும். நடுவில் நிற்கிறவன் இரண்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்கு வந்து படுத்தாலும் கட்டில் ஆடுகிற மாதிரி இருந்தது. பிறகு கட்டில் நின்றுவிட்டது, அல்லது அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

போன வாரம்தான் மிஷின் கை நழுவிப் பூட்ஸுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. சூப்பர்வைசர் அதை மனதில் வைத்திருந்தார் போல. விரலுக்குக் கட்டுப் போடச் சொன்னதோடு விடாமல், கையையும் காட்டிவிட்டு வா என்று கிளினிக்குக்கு அனுப்பினார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். குத்துகிறேனா இல்லையா என்று சொல்லுங்கள் என்றாள். அவன் பதினொரு தடவை இல்லை என்றான். அதில் ஒன்பது தடவை குத்தியிருந்தாளாம்.

"முன்னாடி கையில எரிச்சல் இருந்துச்சா? சூடா, நெருப்புப் பட்ட மாதிரி?"

அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். இருந்தது என்றான். எப்போது என்று கேட்டாள். சாயங்காலத்தில், வேலை முடிந்து கையைச் சும்மா வைத்திருக்கும்போது. எத்தனை நாளாக? நாலு வருஷமாக. இப்போது இருக்கிறதா? இரண்டு மாசமாக இல்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னாள். அதிர்விலேயே வேலை செய்கிறவர்களுக்கு நரம்பு கெடும். கெடத் தொடங்கும்போது எரியும். முழுதாகக் கெட்டதும் எரிச்சல் நின்று மரத்துப் போய்விடும். எரிந்தபோதே வந்திருக்க வேண்டும் என்றாள்.

"ஆனா தொட்டவங்களுக்கும் சுட்டுச்சே, டாக்டர்."

"நாள் முழுக்க மிஷின் பிடிச்ச கை சூடாத்தானே இருக்கும்?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அவன் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றான். இரண்டு பஸ் வந்து போயிற்று. அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. மூன்றாவது பஸ்ஸில் ஏறினான்.

அந்தச் சூட்டைத்தான் நாலு வருஷமாக வரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனும்தான்.

அவன் போகிற ஜெபச் சபை கூடுவது ஒரு டயர் கடைக்கு மேலே. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், ஓடும்போது கழுத்தை ஒடித்துக்கொள்கிற மாதிரி ஒரு மின்விசிறி. போதகர் வாரநாளில் பள்ளிச் சீருடை தைக்கிறவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம். அவன் வேலையிலிருந்து நேரே போவான், தலையில் தூசியோடு. அப்படிப் போன ஒரு வெள்ளிக்கிழமை, காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்த ஒரு வெல்டருக்காக எல்லோரும் ஜெபித்தார்கள். அவனும் மற்றவர்களைப் போல வெல்டரின் நெற்றியில் கை வைத்தான். கை எரிந்தது. வெல்டர் கண்ணைத் திறந்து, "அண்ணே, உங்க கை கொதிக்குது" என்றார். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பெயர் விழுந்துவிட்டது: சூட்டுக்கை அண்ணன்.

அதன் பிறகு யாருக்கு என்ன என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். முதுகுவலிக்காரி ஒருத்தி நிமிர்ந்து நடந்தாள். பிள்ளை இல்லாத ஒருத்திக்குப் பிள்ளை வந்தது, மூன்று வருஷம் கழித்து. ஈரல் வீங்கிய பெயிண்டர் ஐந்தாம் நாள் இறந்துபோனார். அதற்கு யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்குத்தான் பெயிண்டரின் நெற்றி ரொம்ப நாள் ஞாபகத்தில் இருந்தது. நாள் முழுக்கத் தரையை உடைக்கிற கைக்கு வேறொரு வேலையும் இருக்கிறது என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. அதைத் தவிரப் பெருமைப்பட அவனிடம் எதுவும் இல்லை.

இரண்டு மாசத்துக்கு முன்னால் சூடு நின்றபோது என்ன பாவம் செய்தேன் என்று தேடினான். மூன்று சனிக்கிழமை உபவாசம் இருந்தான். சைட்டிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போன ஒரு துண்டு கேபிள் ஞாபகம் வந்து, அதைச் சுருட்டிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். சூப்பர்வைசர் அவனையும் கேபிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டார். சூடு வரவில்லை. ஜெபக்கூட்டத்துக்குப் போகாமல் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்தபோதும் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அக்காவை நினைத்தபோதுதான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அக்கா ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரி. ஆறு வருஷமாகச் சர்க்கரை. எட்டு மாசத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, அவளே முன்னால் வந்து அவன் எதிரே மண்டியிட்டாள். கை வைத்தான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அக்கினி இறங்கியது என்று அழுதாள். அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னாள். மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றதும் எல்லோரும் கை தட்டினார்கள். போடு என்று அவன் சொல்லவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை. அவனும் கை தட்டினான்.

கிளினிக்குக்குப் போன மறுநாள், வேலை முடிகிற நேரத்தில் சைட் கேட்டில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் வீட்டுக்காரர். ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். சீருடையோடு வந்திருந்தார்.

அத்தான் போவது மணிக்கூண்டு வைத்த பழைய சர்ச், கோயில் என்றுதான் சொல்வார். பாட்டு, பிரசங்கம், ஆசீர்வாதம், ஒரு மணி நேரத்தில் வீடு. வரங்களெல்லாம் அப்போஸ்தலர்களோடு முடிந்துவிட்டன, கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுகிற மாதிரி ஆண்டவர் பிரித்துவிட்டார் என்பது அவர் கட்சி. சபைக்காரர்கள் ஆவி இறங்கி யாருக்கும் புரியாத அந்நியபாஷை பேசுவதை, டியூன் கிடைக்காத ரேடியோ என்பார். அவனுக்கு அவர் வைத்த பெயர் இஸ்திரிப்பெட்டி. அவன் வீட்டுக்குள் நுழைந்தால், "இஸ்திரிப்பெட்டி வந்தாச்சு, கசங்கின சட்டை இருந்தா எடுத்துட்டு வா" என்று அக்காவிடம் சொல்வார். அவனும் சளைக்காமல், உங்கள் கோயிலில் ஆவியானவர் உள்ளே வர மனு எழுதிப் போட வேண்டும் என்பான். பன்னிரண்டு வருஷமாக இந்தச் சண்டைதான் அவர்களுக்குள் இருந்த பாசம்.

அன்றைக்கு இஸ்திரிப்பெட்டி என்று கூப்பிடவில்லை.

"மச்சான், உன் அக்கா கால்ல புண்ணு. இருபது நாளாச்சு. சாக்ஸ் போட்டு மறைச்சிருக்கா. நேத்து நாத்தம் வந்துச்சு, அப்பதான் பார்த்தேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"வரமாட்டேங்குறா. நான் சொன்னா அவிசுவாசிங்குறா. வலிக்கவே இல்ல, வலிக்காட்டி அது புண்ணே இல்லங்குறா. பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சு முழங்காலோட எடுத்தாங்க." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீ வா. தலையில கை வை. மாத்திரை போடு மகளே, ஆஸ்பத்திரிக்குப் போன்னு கர்த்தர் சொல்றதா சொல்லு. நீ சொன்னா கேப்பா."

"அத்தான், வரமெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்றவராச்சே நீங்க."

"முடிஞ்சுதான் போச்சு. அதனாலதான் கூசாமக் கேக்குறேன். இல்லாத ஒண்ணுக்குப் பொய் சொன்னா என்ன பாவம்?"

அவன் தன் கையைப் பார்த்தான். டாக்டர் சொன்னதை அத்தானிடம் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னான். அத்தான் நிம்மதியாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது, அதைத்தான் அவனால் தாண்ட முடியவில்லை. வரம் என்றுமே இருந்ததில்லை என்றால் நாலு வருஷமாகச் சொன்னதெல்லாம் பொய்தான், இன்னொன்று கூடினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. இருந்தது என்றால், ஆண்டவர் பேசாததைப் பேசினார் என்று சொல்வதைவிடப் பெரிய பாவம் அவனுக்குத் தெரிந்து இல்லை. எது உண்மை என்று இந்தக் கையிடம் கேட்க முடியாது. அது எதையும் சொல்வதை நிறுத்திவிட்டது.

சனிக்கிழமை போதகரின் தையல் கடைக்குப் போனான். பள்ளி திறக்கிற சமயம். நீலக் கால்சட்டைகள் மலை மாதிரிக் குவிந்து கிடந்தன. போதகர் மிஷினை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டார். டாக்டர் சொன்னதைக் கேட்டதும் மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. வரம் நரம்பில்தான் இருந்தது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும், நரம்பைப் படைத்தவர் அதையே எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று தொடங்கினார். அவருக்கே அது ஒட்டவில்லை போல. பாதியில் விட்டுவிட்டு வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"உன்கிட்ட சொல்றதுக்கு என்ன தம்பி. ஒரு வருஷமா நான் அந்நியபாஷை பேசினா அதே ஆறு வார்த்தைதான் வருது. சுத்திச் சுத்தி அதேதான். ஆவியோட அபிஷேகமா வெறும் பழக்கமான்னு எனக்கே தெரியல. நிறுத்திப் பார்க்கப் பயமா இருக்கு."

பொய் மட்டும் சொல்லாதே என்றார். பிறகு ரொம்ப நேரம் ஒரு பட்டனைத் தேடினார். "கால் போயிடும்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். போகலாம் என்றான். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் சபையிலிருந்து வந்து உடுப்புக்கூட மாற்றாமல் காத்திருந்தாள். தம்பி ஜெபிக்க வருகிறான் என்று அத்தான் சொல்லி வைத்திருந்தார். ஒன்பது வாரமாகக் கூட்டத்துக்கு வராததைக் குத்திக் காட்டினாள். உனக்கு மிஷின்தான் பெரிசாகப் போய்விட்டது, ஆண்டவருக்கு லீவு கொடுத்துவிட்டாய் என்றாள். முகம் இளைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே குழி. நாற்காலியில் உட்கார்ந்து தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். சாம்பல் நிறச் சாக்ஸ் ஒரு காலில் மட்டும் இருந்தது.

அவன் கை வைத்தான். முக்காட்டுத் துணி தெரியவில்லை. முடி தெரியவில்லை. கை அவள் தலையில்தான் இருக்கிறதா என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. அத்தான் அறை வாசலில் நின்று இரண்டு தடவை இருமினார்.

"கர்த்தர் சொல்லுகிறார்" என்று ஆரம்பித்தான். நாலு வருஷத்துப் பழக்கம், குரல் தானாகவே எழுந்தது. அதோடு நின்றுவிட்டது.

அக்கா காத்திருந்தாள். "சொல்லு தம்பி. என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

அத்தான் இருமலை நிறுத்திவிட்டார்.

அவன் எதிரே தரையில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னான். எரிச்சல், நரம்பு, ஒன்பது தடவை குத்தியது, மரத்துப் போனது. யாரோ ஒருவனுடைய கதையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அக்கா முக்காட்டை எடுக்காமல் கேட்டாள்.

"அப்ப எனக்குள்ள இறங்கினது என்ன?"

"தெரியலக்கா."

"மைக்கைப் பிடிச்சு அத்தனை பேர் முன்னாடி சாட்சி சொல்லியிருக்கேன். தெரியலங்குற."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கோபப்பட்டுக் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை. உன் கை கெட்டுப் போனால் என் சுகம் ஏன் கெட வேண்டும், உனக்கு விசுவாசம் போய்விட்டது என்று என் விசுவாசத்தையும் பிடுங்க வந்தாயா என்று அமைதியாகக் கேட்டாள். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் பேசாதீர்கள் என்றாள். சாக்ஸைத் தானே கழற்றிக் காலை நீட்டினாள். பெருவிரலுக்கு அடியில் புண் ஒரு காசளவு கறுத்து, சுற்றிலும் வீங்கியிருந்தது. அறை முழுக்க நாற்றம் வந்தது.

"பாரு. அமுக்கிப் பாரு. நோவே இல்ல. இது சுகமில்லாம வேற என்ன?"

நோகாமல் இருப்பது சுகம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அதை எந்த வாயால் சொல்வது? கழுவிவிடட்டுமா என்று மட்டும் கேட்டான். சபையில் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஒருவர் காலை ஒருவர் கழுவுகிற ஆராதனை உண்டு. அதற்கு மட்டும் யாரும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அவள் நீட்டிய காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் எழுந்தான்.

குளியலறையில் பிளாஸ்டிக் பேசின் இருந்தது. அத்தான் குளிக்க வைத்திருந்த தண்ணீர் அடுப்பில் கிடந்தது. அதைப் பேசினில் ஊற்றி, ஒரு குவளை பச்சைத் தண்ணீர் விளாவி, விரல் கட்டை அவிழ்த்துவிட்டுக் கையை விட்டுப் பார்த்தான். எல்லோரும் செய்கிறதுதான். சுடவில்லை. சரியான பதம் என்று தூக்கிக்கொண்டு வந்தான்.

அக்கா காலை உள்ளே வைத்தாள். அவன் இரண்டு கையையும் விட்டுக் குதிகாலைப் பிடித்துக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை. அவன் விரல் இடுக்குகளைத் தேய்த்துவிட்டான். அக்காவின் தோள் மெல்ல இறங்கியது. சின்ன வயதில் நீதான் என் காலைக் கழுவிவிடுவாய் என்று சொல்ல வந்தான், சொல்லவில்லை. கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அத்தான் துண்டு கொண்டுவந்தார். குனிந்தவர் முகத்தில் ஆவி அடித்தது. ஒரு விரலைத் தண்ணீரில் விட்டவர் அலறிக்கொண்டு பின்னால் போனார்.

"ஐயோ, கொதிக்குது! எடுங்க! ரெண்டு பேரும் எடுங்க!"

அவர்களுக்குப் புரியவில்லை. அத்தான் பேசினை எட்டி உதைத்துக் கவிழ்த்தார். தண்ணீர் அறை முழுக்க ஓடியது. அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். மணிக்கட்டு வரை சிவப்பாக, கையுறை போட்ட மாதிரி இருந்தது. அக்காவின் காலும் கணுக்கால் வரை அதே சிவப்பு. மேற்பாதத்தில் தோல் வெள்ளையாக உப்பிக்கொண்டு எழும்பியது. மூவரும் அது எழும்புவதைப் பார்த்தார்கள்.

அக்கா குனிந்து அதை விரலால் தொட்டாள். கொப்புளம் உடைந்து நீர் வழிந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலடா" என்றாள். "உனக்கு?"

"இல்லக்கா."

அவள் தன் காலையும் அவன் கையையும் ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் பயம் என்று சொல்ல முடியாது. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பார்க்கிறவளின் முகம். பிறகு அத்தானிடம், "வண்டி ஏதாவது கூப்பிடுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை எவ்வளவு என்று நர்ஸ் சொன்னபோது அத்தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று மறுபடி கேட்டார். இரண்டு விரல் எடுக்க வேண்டியிருக்கும், பாதம் தப்பும் என்று நம்புகிறோம் என்றார்கள். அவன் கை இரண்டுக்கும் மருந்து தடவி, பஞ்சு வைத்துப் பெரிதாகக் கட்டுப் போட்டார்கள். இரண்டு தலையணையை மடியில் வைத்துக்கொண்ட மாதிரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான். கால் கழுவலாம்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"தோணுச்சு."

"அந்த வெந்நீர் இல்லாட்டி அவ வந்திருக்க மாட்டா. நீ பொய் சொல்லியிருந்தாக்கூட, நான் இருமினதை வச்சே கண்டுபிடிச்சிருப்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டார், தன் கோயில்காரர்கள் யாராவது கேட்டுவிடுவார்கள் என்பது போல. "நான் இதெல்லாம் நம்புற ஆள் இல்ல. ஆனா யாரோ உனக்குச் சொல்லித்தான்..."

"விடுங்க அத்தான்."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"அக்கா கால வேக வச்சிட்டேன் அத்தான். அதுக்கு வேற பேரு வைக்காதீங்க."

அத்தான் விட்டுவிட்டார். ஆனாலும் அவன் பக்கம் ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார், முன்பு வெல்டர் பார்த்த அதே பார்வை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் நர்ஸ் வந்து, உள்ளே தம்பியைக் கூப்பிடுகிறார்கள் என்றாள். அக்கா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் கட்டுக்குள் இருந்தது. ஜெபம் பண்ணு என்று கேட்பாள், என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே போனான். கேட்டாள்தான்.

"கை வைக்க வேண்டாம். கண்ணை மூட வேண்டாம். சும்மா பேசு."

அவன் கட்டிலோரம் உட்கார்ந்தான். கர்த்தாவே என்றான். அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தான். எட்டு மாசத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது. அதை ஆண்டவரிடம் சொல்வதில் அர்த்தமில்லை, அவள் பக்கம் திரும்பினான்.

"மாத்திரை போடுக்கா."

"யார் சொல்றது?"

"நான்தான்."

நர்ஸ் ஏற்கெனவே ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா அதை எடுத்து நாக்கில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு, சரியாக விழுங்கினேனா என்று நீயே பார் என்கிற மாதிரி அவன் பக்கம் வாயைத் திறந்து காட்டினாள். அவன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினான்.